கிளைட் நதிக்கரையில் வேற்றுக்கிரகவாசிகள்

கிளாஸ்கோ சென்ட்ரல் ஸ்டேஷனில் அந்தச் சின்ன ரயில் கிளம்புகிற நேரம். என் எதிர் ஸீட்டில் முகம் பூராவும் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்ட ஒரு ஆசாமி வந்து உட்கார்ந்தார். தலையில் இரண்டு ஆன்டெனா. மடியில் சாண்ட்விச் பொட்டலம். பக்கத்தில் ஆபீஸ் போகிற அம்மணி ஒருத்தர் நிமிர்ந்து பார்த்து, "மழை வரும் போலிருக்கே, கரையாதா?" என்று விசாரித்தார். "வாட்டர் ப்ரூஃப்" என்றது பச்சை. அத்துடன் விஷயம் முடிந்தது. பெட்டியில் வேறு ஒரு ஜீவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இதே ஆள் பீச் - தாம்பரம் யூனிட்டில் ஏறியிருந்தால் மாம்பலம் வருவதற்குள் பேட்டி எடுத்திருப்போம்.

அது 2024 ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை. 82-வது உலக ஸயன்ஸ் ஃபிக்ஷன் மாநாட்டின் முதல் நாள். சுருக்கமாக, வேர்ல்ட்கான். பச்சை முகத்தார் வேடிக்கை பார்க்கப் போனார். நான் பேசப் போனேன். ஆமாம் ஸார், பேச! "தமிழில் விஞ்ஞானக் கதை பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது" என்று ஒரு ஃபாரத்தில் நிரப்பி அனுப்பியிருந்தேன். மாதக்கணக்கில் சத்தமில்லை. திடீரென்று, "சனிக்கிழமை காலை, ஐந்து பேர் உட்காரும் மேடை, ஒரு மணி நேரம், வருகிறீர்களா?" என்று பதில்.

வருகிறேன் என்று சொல்வது சுலபம். விசாவுக்கு 115 பவுண்டு, அதாவது பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். சென்னையிலிருந்து துபாய், துபாயிலிருந்து கிளாஸ்கோ. ஏர்போர்ட்டில் இமிக்ரேஷன் அதிகாரி, "மாநாட்டில் பேச எவ்வளவு தருகிறார்கள்?" என்றார். "தரவில்லை, நான்தான் தருகிறேன்" என்றேன். ஒரு கணம் என்னைப் பரிவோடு பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

ஜோக் இல்லை. இந்த மாநாட்டில் டிக்கெட் கிடையாது, மெம்பர்ஷிப்தான். பேச வருகிறவர், கதவருகே நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறவர், ராத்திரி இரண்டு மணிக்கு நாற்காலி அடுக்குகிறவர் எல்லோரும் முதலில் சொந்தக் காசில் மெம்பர் ஆக வேண்டும். அழைத்து வரும் கௌரவ விருந்தாளிகள் நாலைந்து பேர்தான் விதிவிலக்கு. சம்பளம் வாங்குகிற ஆள் ஒருத்தர்கூட இல்லை. கடைசியில் கணக்கு முடித்து மிச்சம் இருந்தால், பேசியவர்களுக்கும் உழைத்தவர்களுக்கும் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவது வழக்கம். நான் படித்தது பி.காம். ஐந்து நாள், ஆயிரக்கணக்கான பேர், லட்சக்கணக்கான பவுண்டு, நிரந்தர ஆபீஸ் இல்லை, முதலாளி இல்லை, வருஷா வருஷம் ஊரும் மாறுகிறது, கமிட்டியும் மாறுகிறது. இது எப்படி நடக்கிறது என்று யோசித்தே எனக்கு முதல் நாள் தூக்கம் போயிற்று.

நம்மூரில் ரசிகர் என்றால் ஒரு தலைவர் வேண்டும். கட்-அவுட் வேண்டும், பால் வேண்டும். இங்கே தலைவரே கிடையாது. 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேர் ஒரு ஹாலில் கூடினார்கள். அவர்களில் ஒருவருக்கு வயசு 19. பெயர் ஆர்தர் சி. கிளார்க். 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் வேர்ல்ட்கான் நடந்தது. சுமார் 200 பேர் வந்தார்கள். முதல் மாநாட்டிலேயே கோஷ்டிச் சண்டை! எதிர்க்கோஷ்டியைச் சேர்ந்த ஆறு இளைஞர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அதில் ஃப்ரெடரிக் போல் பிற்காலத்தில் பெரிய எழுத்தாளர் ஆனார். அதே கோஷ்டியைச் சேர்ந்த ஐசக் அஸிமாவ் மட்டும் எப்படியோ உள்ளே போய்விட்டார். அந்த மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிகர் எதிர்கால டிரெஸ்ஸில் வந்தார். தைத்துக் கொடுத்தவர் மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணி. அவரும் அதே மாதிரி உடுத்தி வந்தார். என் எதிரில் சாண்ட்விச் சாப்பிட்ட பச்சை முகத்துக்குப் பூர்வீகம் அங்கேதான்.

எக்ஸிபிஷன் சென்டர் ஸ்டேஷனில் இறங்கினால், கூரை போட்ட ஒரு நீளமான குழாய்ப் பாதை நேரே மாநாட்டு வளாகத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. மழை கிளாஸ்கோவின் ஆஸ்தான வித்வான். ஆகஸ்டிலும் கச்சேரி உண்டு. அதனால் அந்தக் குழாயை வாழ்த்தினேன்.

வளாகம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தண்ணீர். குயின்ஸ் டாக் என்ற கப்பல் துறையை மண் கொட்டித் தூர்த்துவிட்டு, 1985-ல் கட்டடம் திறந்தார்கள். பக்கத்தில் 1997-ல் நார்மன் ஃபாஸ்டர் கட்டிய ஆடிட்டோரியம் வெள்ளி ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்த மாதிரி இருக்கும். ஊரார் வைத்த பெயர் ஆர்மடில்லோ. நம் எறும்புத்தின்னிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி ஒரு பிராணி. விண்கலம் என்று சொன்னாலும் நம்புவீர்கள். 2009-ல் சூசன் பாயில் என்ற நடுத்தர வயசு அம்மாள் டி.வி. போட்டியில் பாடி உலகத்தை வாய்பிளக்க வைத்தது இதே மேடையில்தான்.

ஆனால் எனக்குப் பிடித்தது இரண்டும் இல்லை. நதிக்கரையில் துருவேறாமல் நிற்கிற ஃபின்னிஸ்டன் கிரேன். 1930-களின் ஆரம்பத்தில் வைத்தது. 175 டன் தூக்கும். கிளாஸ்கோவின் ஸ்ப்ரிங்பர்ன் பக்கம் செய்த நீராவி எஞ்சின்களை முழுசாகத் தூக்கிக் கப்பலில் வைக்கிற வேலை அதற்கு. அந்த எஞ்சின்களில் ஏராளமானவை இந்தியாவுக்கு வந்தன. மீட்டர் கேஜ் காலத்தில் கண்ணில் கரி விழ ஜன்னலோரம் உட்கார்ந்து போன நம் தாத்தாக்களில் எத்தனை பேரை இந்த கிரேன் தூக்கிவிட்ட எஞ்சின் இழுத்ததோ! இப்போது சும்மா நிற்கிறது. அதன் கீழே ஒரு பையன் லேஸர் வாளோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

* * *

உள்ளே போனதும் முதலில் கவனித்தது, ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள். மேடையில் கருந்துளையைப் பற்றி ஒரு பேராசிரியர் பேசிக்கொண்டிருக்கிறார். முன் வரிசையில் ஏழு பேர் ஊசியும் நூலுமாக இருக்கிறார்கள். மரியாதைக் குறைவு இல்லையாம். கை வேலையில் இருந்தால் காது நன்றாகக் கேட்குமாம். பேராசிரியர் தப்பாக ஒரு வருஷத்தைச் சொன்னபோது திருத்தியது பின்னிக்கொண்டிருந்த பாட்டிதான். அதனால் ஒப்புக்கொண்டேன்.

இன்னொரு கூடத்தில் நள்ளிரவு தாண்டியும் கிட்டார் சத்தம். இந்தப் பாட்டுக்கு ஃபில்க் என்று பெயர். 1950-களில் ஒரு கட்டுரையில் ஃபோக் என்று டைப் அடிக்க வேண்டியது தவறி ஃபில்க் ஆகிவிட்டது. அச்சுப்பிழையைத் திருத்தாமல் அதையே ஒரு சங்கீதமாக்கி எழுபது வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நம் ப்ரூஃப் ரீடர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்படலாம்.

புதிதாக வருகிறவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லும் மந்திரம் 5-2-1. தினம் ஐந்து மணி நேரம் தூக்கம், இரண்டு வேளை சாப்பாடு, ஒரு குளியல். கடைசியாகச் சொன்னதைத்தான் அழுத்திச் சொல்கிறார்கள். காரணம், மூன்றாம் நாள் லிஃப்டில் தெரிந்தது.

காலை வேளைகளில் பிஸினஸ் மீட்டிங் நடக்கிறது. எந்த மெம்பரும் போகலாம், தீர்மானம் கொண்டுவரலாம், ஓட்டுப் போடலாம். ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவ எஞ்சினீயர் 1876-ல் எழுதிய கூட்ட விதிப் புத்தகம்தான் வேதம். ஒரு விதியை மாற்ற வேண்டுமானால் இந்த வருஷம் பாஸாகி, அடுத்த வருஷம் வேறொரு ஊரில் வேறொரு கூட்டத்திலும் பாஸாக வேண்டும். நான் எங்கள் ஃப்ளாட் அசோசியேஷன் மீட்டிங்குகளைப் பார்த்தவன். தண்ணீர் மோட்டார் விவகாரத்தில் மண்டை உடையாமல் தப்பியவன். இங்கே ஒரு கமா இருக்கலாமா கூடாதா என்பதற்கு இருபது நிமிஷம் வாதம் நடந்தது. கடைசி வரை ஒருத்தரும் குரல் உயர்த்தவில்லை. எது தேவலை என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

அந்த வருஷம் கூட்டத்துக்குக் கனமான காரணம் இருந்தது. மாநாட்டின் மகுடம் ஹியூகோ விருது. 1953-லிருந்து தருகிறார்கள். பரிசு என்று நயா பைசா கிடையாது. ராக்கெட் வடிவத்தில் ஒரு கோப்பை, அவ்வளவுதான். ஆனால் தேர்ந்தெடுப்பது பண்டிதர் குழு இல்லை. மெம்பர்கள் போடும் ஓட்டு. 2023-ல் சீனாவின் செங்டு நகரத்தில் நடந்த மாநாட்டில், ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' நாவல் உட்படச் சில படைப்புகளையும் ஆட்களையும் தகுதியில்லை என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் பழைய ஈமெயில்கள் வெளியே வந்தன. சீனாவில் எது உறுத்தும் என்று நிர்வாகிகளே முன்கூட்டி எழுத்தாளர்களின் ஜாதகத்தைத் தோண்டியிருந்தது தெரிந்தது. அதிலும் வேதனை, அந்த ஈமெயில்களை எழுதியவர்கள் மேற்கத்திய ரசிகர்கள். யாரும் துப்பாக்கி காட்டியதாகத் தெரியவில்லை. கேட்பதற்கு முன்பே குனிந்திருந்தார்கள்.

அந்தக் காயம் ஆறுவதற்குள் கிளாஸ்கோவில் இன்னொரு கூத்து. கள்ள ஓட்டு! 2024 ஜூலையில் கமிட்டி அறிவித்தது: வந்த 3,813 ஓட்டுகளில் 377 செல்லாது. மெம்பர் லிஸ்டைப் பார்த்தால் வரிசையாக ஒரே இரண்டாவது பெயர். அதன் முதல் எழுத்து மட்டும் அகர வரிசைப்படி மாறிக்கொண்டே போகிறது. இன்னும் சில பெயர்களை மொழிபெயர்த்துப் பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்கள். எல்லாம் ஒரே ஆளை ஜெயிக்க வைப்பதற்காக. யார் அந்த ஆள் என்று கமிட்டி சொல்லவில்லை. அவருக்கு இதில் சம்பந்தம் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் சொன்னது. எனக்குக் கோபத்தைவிட ஏமாற்றம்தான். விண்வெளி வரைக்கும் கற்பனை பண்ணுகிற கூட்டத்தில் கள்ள ஓட்டுப் போட வந்தவனுக்கு நாலு நல்ல பெயர் கற்பனை பண்ண வரவில்லை! நம்மூர் பூத் ஏஜென்டைக் கேட்டிருந்தால் முப்பாட்டன் பெயர் வரை சொல்லியிருப்பார்.

ஒரு நாள் மத்தியானம் வெளியே நழுவினேன். ஊருக்கு நடுவில் வெலிங்டன் பிரபு குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். தலையில் ஆரஞ்சு கலரில் டிராஃபிக் கோன்! முனிசிபாலிட்டி எடுக்க எடுக்க யாரோ ராத்திரியில் ஏறி வைத்துவிடுகிறார்கள். கடைசியில் கோன்தான் ஜெயித்திருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்து வந்த படையில் இருந்த அதே வெலிங்டன் என்பதால் நானும் கொஞ்ச நேரம் நின்று ரசித்தேன். புக்கானன் தெருவில் பழைய போலீஸ் பெட்டி ஒன்று நிற்கிறது. 'டாக்டர் ஹூ' டி.வி. தொடரில் காலத்தைக் கடக்கும் வாகனம் இந்த மாதிரிப் பெட்டிதான். மாநாட்டு ஆசாமிகள் க்யூவில் நின்று அதைத் தொட்டுக் கும்பிடாத குறை. சிக்கன் டிக்கா மசாலா இந்த ஊரில்தான் பிறந்தது என்று கிளாஸ்கோக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். சாப்பிட்டேன். பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை.

* * *

சனிக்கிழமை. சின்ன அறைதான். எண்பது நாற்காலி இருக்கும். நிரம்பிவிட்டது, அது எதிர்பாராதது. தலைப்பு, ஆங்கிலம் அல்லாத மொழிகளில் விஞ்ஞானக் கதை. என்னோடு ஒரு பிரேஸில்காரர், ஃபின்லாந்துப் பெண்மணி, சீன இளைஞர், நடத்துவதற்கு ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அவர் முதலிலேயே, "'கேள்வி இல்லை, ஒரு கருத்து' என்று ஆரம்பிக்கிறவர்களிடம் மைக் தரப்படாது" என்றார். கை தட்டினேன். மயிலாப்பூர் இலக்கியக் கூட்டங்களுக்கு இவரை இறக்குமதி பண்ண வேண்டும்.

சீன இளைஞர் சொன்னதுதான் என்னைக் குடைந்தது. லியு சிஷின் எழுதிய 'மூன்று உடல் பிரச்னை' நாவல் சீனத்தில் வந்தபோது வெளியுலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? கென் லியு என்ற எழுத்தாளர் தன் சொந்த எழுத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 2015-ல் ஹியூகோ கிடைத்தது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்குக் கிடைத்த முதல் ஹியூகோ. எட்டு வருஷத்தில் மாநாடே சீனாவுக்குப் போனது. "ஒரே ஒரு ஆள்" என்று விரலைக் காட்டினார்.

என் முறை. சுஜாதா பற்றி ஆரம்பித்தேன். பகலில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினீயர், ராத்திரியில் எழுத்தாளர். 1980-களில் வாரப் பத்திரிகையில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் இந்தியா. நிலா என்ற பெண். ஜீனோ என்ற ரோபோ நாய். வாரா வாரம் டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் அதைப் படித்தார்கள். அப்புறம் தூர்தர்ஷனில் வந்தது. "கதை நடப்பது 2020-களில். அதாவது நாம் இப்போது அவர் கதைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம்" என்றதும் அறையில் ஒரு சலசலப்பு. சீரியஸான இலக்கியக்காரர்கள் அவரை வெகுஜனம் என்று ஒதுக்கியதையும், அவர் கவலைப்படாததையும் சொன்னேன். பின்னுகிறவர்கள் தலையாட்டினார்கள், அந்த அனுபவம் அவர்களுக்கும் உண்டு.

பின்னாலிருந்து ஒரு பையன் எழுந்தான். "நூற்றுக்கணக்கான ரோபோக்கள் பந்தாக உருளுமே, பாம்பாக மாறுமே, அது உங்க ஊர்ப் படம்தானே?" கூட்டம் சிரித்தது. எனக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது. ஆயிரத்தெட்டு எழுதியும் நம்மைப் பற்றி இங்கே வந்து சேர்ந்தது இரண்டு நிமிஷ வீடியோ கிளிப். ஆனால் யோசித்தால் அதுவும் வாசல்தானே. "ஆமாம், 2010-ல் வந்த 'எந்திரன்'. அதன் வசனத்திலும் நான் சொன்ன எழுத்தாளருக்குப் பங்கு உண்டு. படம் வரும்போது அவர் இல்லை. 2008 பிப்ரவரி 27-ல் சென்னையில் இறந்தார். சரியாக மூன்று வாரம் கழித்து, மார்ச் 19-ல், கொழும்பில் ஆர்தர் கிளார்க் இறந்தார்" என்றேன். சிரிப்பு அடங்கிவிட்டது. அமைதி எனக்குச் சங்கடமாக இருந்ததால், "இந்தியாவின் எலெக்ட்ரானிக் ஓட்டு மெஷினை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு" என்று சேர்த்தேன்.

"அடடா, போன மாசம் எங்களுக்குத் தேவைப்பட்டாரே!" என்றார் நடத்துநர். அறை வெடித்தது.

கூட்டம் கலைந்தபின் ஒரு அம்மாள் வந்தார். எழுபது வயசிருக்கும். பாதி பின்னிய சிவப்பு ஸ்கார்ஃப். நோட்டில் புத்தகத்தின் பெயரை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். "இதைப் படிக்க வேண்டும். எங்கே வாங்கலாம்?" பையிலிருந்து எடுத்துக் காட்டினேன், என்னிடம் இருந்த ஒரே பிரதி, தமிழ். எழுத்துக்களைத் தடவிப் பார்த்தார். "அழகாக இருக்கிறது. சுத்தமாகப் பயனில்லை" என்றார், அசல் கிளாஸ்கோ பாணியில். புத்தகக் கடைகள் இருந்த ஹாலை நான் ஏற்கெனவே இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். சீனத்திலிருந்து வந்தவை அடுக்கடுக்காக இருந்தன. அந்த வருஷம் நெபுலா விருது வாங்கி, ஹியூகோவின் கடைசிப் பட்டியலிலும் இருந்த கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் நாவல் இருந்தது; அவர் ஆங்கிலத்தில் எழுதுகிறவர். தமிழிலிருந்து ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

"சரி, கதையைச் சொல்லுங்கள்" என்று சுவரோரம் கார்ப்பெட்டில் உட்கார்ந்துவிட்டார் அந்த அம்மாள். நானும் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடுத்த நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ரெண்டு பேர் நின்று கேட்டுவிட்டு உட்கார்ந்தும் விட்டார்கள்.

ஞாயிறு ராத்திரி ஆர்மடில்லோவில் ஹியூகோ. எமிலி டெஷ் எழுதிய நாவலுக்கு முதல் பரிசு. நவோமி கிரிட்ஸர் ஒரே ராத்திரியில் இரண்டு ராக்கெட்டைத் தூக்கிப் போனார். இந்தியர்கள் பலரும் கைகொடுக்கிற 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைஸன்ஸ்' பத்திரிகைக்கும் ஒன்று. ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது வேறொரு இடத்தில். சிறந்த ரசிக எழுத்தாளர், பால் வீமர். 2023-ல் செங்டு பட்டியலிலிருந்து காரணமில்லாமல் எடுக்கப்பட்டவர்களில் ஒருவர். கைதட்டல் ஓய நேரமாயிற்று. கூட்டம் பேசாமல் ஒரு பாக்கியைத் தீர்த்தது.

திங்கள்கிழமை மாநாடு முடிந்தது. ஆனால் ராத்திரி இன்னொன்று உண்டு. கடைசி ஆள் விழும் வரை நடக்கிற பார்ட்டி. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், செத்த நாய் பார்ட்டி. தொண்டர்கள் ஷூவைக் கழற்றிப்போட்டு, மிச்சமிருந்த சிப்ஸ், பீர் எல்லாவற்றையும் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை முகத்தார் பெயிண்டைக் கழுவிவிட்டு வந்திருந்தார். ஆன்டெனாவை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. மூலையில் சிவப்பு ஸ்கார்ஃப் அம்மாள். முடித்துக் கழுத்தில் சுற்றியிருந்தார். ஐந்தாறு பேருக்கு ஜீனோ கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜீனோ கொஞ்சம் ஸ்காட்லாந்து டெரியர் ஜாதி ஆகியிருந்தது. பேச்சிலும் அந்த ஊர் வாடை. நிலா மட்டும் மாறவில்லை.

என்னைப் பார்த்ததும், "இதோ வந்துவிட்டார். அதற்கப்புறம் என்ன ஆயிற்று? இவர்கள் கேட்கிறார்கள்" என்றார்.

"அதற்கு இரண்டாவது நாவல் இருக்கிறது. 'மீண்டும் ஜீனோ'" என்றேன்.

யாரோ ஒரு நாற்காலியைத் தள்ளினார்கள். யாரோ சிப்ஸ் பாக்கெட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். சென்ட்ரலுக்குக் கடைசி ரயில் பதினைந்து நிமிஷத்தில் இருந்தது. ஹோட்டல் வரை நடந்தால் முக்கால் மணி நேரம், வெளியே மழை. நான் உட்கார்ந்தேன்.